பதினோரு கயிற்றுப் புத்தகங்கள்

பாலக்கோட்டில் வீட்டின் முன்னறையிலேயே போட்டோ ஸ்டுடியோ நடத்தும் தௌபிக், ஜப்பானியக் கயிற்றுக்கட்டுக் கலையின் பழைய புத்தகங்களைப் பத்து வருடமாகத் தேடிச் சேர்த்தவர். கயிற்றால் உடலைக் கட்டி எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் நிறைந்த அந்தப் பதினோரு புத்தகங்களும் இனி அச்சில் வராதவை.

ஒரு மதியம் அவற்றை மச்சான் அர்பாஸ் பார்த்துவிட்டான்.

"என் தங்கச்சி வாழுற வூட்டுல இந்தக் கருமமா?"

கையிலிருந்ததை இரண்டாகக் கிழித்தான். தடுக்கப் போன தௌபிக்கின் முகத்தைப் பீரோவில் மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. விழுந்தவரின் வலது கையைக் கேமரா ஸ்டாண்டால் மூன்று முறை அடித்தான். விரல்கள் முறிந்தன. ஆனாலும் கிழிந்த பக்கங்களைப் பார்த்துத்தான் தௌபிக்குக்கு அழுகை வந்தது.

ஓடிவந்த மனைவி அஃப்சானா அம்மிக் குழவியை அண்ணன் தோளில் இறக்கினாள். அவன் அலறிச் சரிந்தான்.

"அதுல பாதி நான் தேடி வாங்குனது, பாய்ஜான். வெளிய போங்க."

அர்பாஸ் அதன்பிறகு வரவேயில்லை. தௌபிக்குக்கு இரண்டு விரல்கள் மடங்காமலே போயின. கல்யாணங்களுக்கு இப்போது அஃப்சானாதான் படமெடுக்கிறாள். பெருநாளன்று அண்ணனை நினைத்து அழுதாள், ஆனால் கூப்பிடவில்லை.