பிரிய வேண்டிய தையல்

குத்தப் போனாளாம்! கையில் கத்தரிக்கோலோடு ஓடினால் புருஷனைக் குத்தத்தான் ஓட வேண்டுமா? எதிர்வீட்டுக்காரிக்குக் கண் இருக்கிறது, வாய் இருக்கிறது, கேட்டுத் தெரிந்துகொள்ளக் காதுதான் இல்லை. "உங்க மருமக வெறி புடிச்சு ஓடுனாளே, வீட்டுல என்ன சண்டை?" என்று என்னிடமே கேட்கிறாள். சண்டையும் இல்லை, வெறியும் இல்லை. பயம். அப்படி ஒரு பயத்தை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. அதில் பாதி என்னுடையது.

என் மருமகள் முக்காலிமேல் ஏறிப் பரணில் இருக்கும் டப்பாவைக்கூட எடுக்க மாட்டாள். "அத்தை, நீங்க ஏறுங்க, நான் புடிச்சுக்கறேன்" என்பாள். என் முழங்கால் இருக்கிற லட்சணத்தில் நான் ஏறுவேன்; கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அவள் முக்காலியைப் பிடிப்பாள். அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்தவன் உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில் பெயிண்ட் அடிப்பவன். என் மகன்தான். "இன்னிக்குப் பதினாலாவது மாடி" என்று அவன் சாதாரணமாகச் சொல்வான். இவளுக்கு அடுத்த வாய் இறங்காது.

தையல் மிஷினோடு இந்த வீட்டுக்கு வந்தவள் அவள். பள்ளிக்கூடப் பை, வேலைக்குப் போகிறவர்களின் பேண்ட் என்று எதைத் தைத்தாலும் ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பாள். "துணி கிழிஞ்சா கிழியட்டும் அத்தை, என் தையல் பிரியக் கூடாது" என்பாள். பிரிந்ததும் இல்லை.

அதை நம்பித்தான் என் மகனுடைய மேஸ்திரி ஒரு பெல்ட்டைக் கொண்டுவந்தார். உயரத்தில் வேலை செய்கிறவர்கள் தோளிலும் தொடையிலும் மாட்டிக்கொள்ளும் பெல்ட். அதன் முதுகிலிருந்து ஒரு பட்டை தொங்கும், பட்டையின் நுனியில் கொக்கி. கொக்கியைத் தலைக்கு மேலே கம்பியில் மாட்டிவிட்டால், கால் தவறினாலும் ஆள் தரைக்கு வரமாட்டான். பட்டையின் நடுவே உள்ளங்கை அளவில் ஒரு பொட்டலம், மடிப்பு மடிப்பாகத் தைத்திருக்கும். மேஸ்திரி கொண்டுவந்ததில் அது குடல் சரிந்தமாதிரி அவிழ்ந்து கிடந்தது.

"மட்டமான தையல்மா. ஒருத்தன் விழுந்தான், பிரிஞ்சுபோச்சு. நல்லவேளை, ஆளு தப்பிச்சுட்டான். நீ கெட்டியா போட்டுக் குடு."

அவர் தலை மறைந்ததும் இவள் முகம் வெளுத்துவிட்டது. "அத்தை, அவரு பெல்ட்லயும் இதே தையல்தானே?"

அன்று சாயங்காலமே அவன் பெல்ட்டை எடுத்துவரச் சொன்னாள். புதுப் பெல்ட், ஒரு நூல்கூட நகரவில்லை. இருந்தாலும் செருப்புத் தைக்கும் நூலைக் கோத்து, அந்தப் பொட்டலத்தின் மேலேயே குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினாள். இரண்டு ஊசி உடைந்தன. மூன்றாவது ஊசியில் மூன்று வரிசை முடித்தாள். "இன்னும் ஒரு வரிசை போடுடி" என்று சொன்னது நான். போட்டாள். "அப்படியே என்னையும் சேத்துத் தெச்சுடு" என்று அவன் சிரித்தான். மறுநாள் அதைத்தான் மாட்டிக்கொண்டு போனான்.

இரண்டு நாள் கழித்து, காலையில், மேஸ்திரியின் பெல்ட்டை மிஷினில் வைத்திருந்தாள். பேண்ட் இடுப்பைக் குறைக்க நெட்டையாக ஒருவன் வந்தான். வந்தவன் பேண்டை மறந்துவிட்டுப் பெல்ட்டையே பார்த்தான்.

"அக்கா, இது என்னோடதாச்சே. இத எதுக்குத் தெக்கிறீங்க?"

"பிரிஞ்சுபோச்சுன்னு மேஸ்திரி குடுத்தாரு தம்பி."

"பிரிஞ்சதாலதான்க்கா நான் இங்க நிக்கிறேன்."

விழுந்தபோது பர்ர்ரென்று தையல் ஒவ்வொன்றாகக் கிழிந்ததாம். கிழியக் கிழிய வேகம் குறைந்து, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து நிறுத்தினமாதிரி நின்றானாம். அது கிழிவதற்கென்றே போட்ட தையல்.

"இது கிழியலன்னா விழுற வேகம் மொத்தமும் முதுகெலும்புல இறங்கும். கீழ விழமாட்டான், நடுவுலயே ஒடிஞ்சு தொங்குவான். ஒருதடவ ஆளத் தாங்குன பெல்ட்ட வெட்டித்தான்க்கா போடணும். மேஸ்திரிக்கு மனசு வரல."

மிஷின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அவள் காலுக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"பிரியாத புதுப் பெல்ட் மேல... அந்தப் பொட்டலத்து மேலயே தெச்சிருந்தா?"

அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். "யாரோடது?"

அவள் போனை எடுத்தாள். மேலே ஏறுகிறவர்கள் போனைக் கீழே ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள். மேஸ்திரியும் எடுக்கவில்லை. கத்தரிக்கோலை உருவிக்கொண்டு எழுந்தாள்.

நான் வாசலை மறித்தேன். "பதறாதடி. இத்தன வருஷமா விழாதவன் இன்னிக்கா விழப்போறான்? நீ போய் நின்னா மேஸ்திரி அவனை வேலைய விட்டே தூக்கிடுவாரு."

"வழிய விடுங்க அத்தை. விழுந்தா என் தையல் பிரியாது."

என் கை தானாக இறங்கிவிட்டது. செருப்புகூடப் போடாமல் போனாள். நெட்டையன் பின்னாலேயே ஓடினான்.

எங்கள் பின்பக்க ஜன்னலில் அவன் வேலை செய்யும் கட்டடத்தின் மேல் மாடிகள் தெரியும். சுவரில் ஆறு புள்ளிகள். அதில் எது என் பிள்ளை என்று பெற்றவளுக்கே தெரியவில்லை. ஒரு புள்ளி சடாரென்று கீழே இறங்கியது. பார்த்தால் பெயிண்ட் வாளி. அதற்குப் பிறகு கண்ணை எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் கேட்ட அந்த நாலாவது வரிசை என் முதுகிலேயே ஓடுகிறமாதிரி இருந்தது.

போன் அடித்தது.

"அம்மா! உன் மருமக இங்க வந்து என் பெல்ட்ட துண்டு துண்டா வெட்டிட்டா. மேஸ்திரி குதிக்கிறாரு. எல்லாவனும் சிரிக்கிறான். மானமே போச்சு!"

"நீ எங்கடா நிக்கிறே?"

"எங்க நிக்கிறது, கீழதான்."

"தரையிலயா?"

"தரையிலதாம்மா!"

இன்னும் என்னென்னவோ கத்தினான். கத்தட்டும் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு ஜன்னலடியில் உட்கார்ந்துவிட்டேன்.