பீரோவில் நிமிர்ந்து நின்ற பாட்டில்

என் மகள் பிறந்தபோது, கப்பலில் சமையல்காரராக இருந்த அண்ணன் எங்கள் இரணியல் வீட்டுக்கு ஒரு போர்ட் ஒயின் பாட்டில் கொண்டுவந்தார். ஸ்பிரிட் சேர்த்த ஒயின், வருஷம் ஏற ஏற ருசி கூடுமாம்.

"பிள்ளைக்க கல்யாணத்துக்குத் தெறப்போம். படுக்கவச்சே இருக்கணும் மக்கா. கார்க்கு நனைஞ்சு கிடந்தாத்தான் காத்து ஏறாது."

கண்ணாடி அலமாரியில் படுக்கத்தான் வைத்தேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஜெபம் பண்ணப் போதகர் வந்தார். அவர் கண்ணில் படக்கூடாதென்று அவசரமாக பீரோவில், பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் பாட்டிலை நிமிர்த்தி ஒளித்தேன். அப்படியே மறந்தும்போனேன்.

இருபத்துநான்கு வருஷம் கழித்து, மகள் கல்யாணத்தின் மறுநாள் நான் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுக்க, அண்ணன் அதைத் திறந்தார். கார்க் பொடியாக உதிர்ந்தது. ஒயின் பழுப்பேறி, சப்பென்றிருந்தது. நிமிர்த்தி வைத்ததன் விளைவு அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சம்பந்தி வீட்டார் முன்னால் அண்ணன் சிரித்தார். "நாந்தான் ஏமாந்துட்டேன். கடைக்காரன் மட்டமான கார்க்கு போட்டுத் தந்திருக்கான்."

எல்லோரும் போனபின் மேசையைத் துடைத்தேன். அண்ணனின் தட்டோரம் கார்க்கின் அடித்துண்டு கிடந்தது. அதில் துளி ஈரமில்லை. கையில் எடுத்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கும்.

இன்றுவரை அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நேரில் சொல்ல எனக்கு வாய் வராததால்தான் இங்கே எழுதுகிறேன். அவர் வாசிக்கட்டும்.