தரகரிடம் சொன்ன வெள்ளிக்கிழமை

ராஜபாளையம் வீட்டை விற்கத் தரகரிடம் பேசும்போது, வெள்ளிக்கிழமைக்குள் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் என் ஆள் என்ற நினைப்பு.

வாங்க வந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் மூன்று லட்சம் குறைத்துக் கேட்டார். நான் தயங்கினேன்.

“இதுக்கு மேல வெல கேட்டா நம்ம ஊரு சஞ்சீவி மலையையும் சேத்து எழுதிக் குடுக்கணும் அண்ணாச்சி” என்று தரகர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வாங்க வந்தவர் பரிவாகச் சொன்னார்: “யோசிக்காதீய. வெள்ளிக்கிழமைக்குள்ள பிள்ளைக்கு பீஸ் கட்டணும்லா?”

தரகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மூன்று லட்சத்தில் அவருக்குச் சில ஆயிரம்தான் நட்டம். பேச்சு முறிந்தால் இரண்டு பக்கக் கமிஷனும் போய்விடும். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆனாலும் அட்வான்ஸை வாங்கிக்கொண்டேன். கட்டணம் கட்டியாயிற்று. வீடு என்ன விலைக்குப் போனது என்று மகள் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றுகிறேன்.