உஷ்ஷுவை முயலாக்கச் சொன்னாங்க

சின்னப் பிள்ளைங்களுக்குப் பேய்ப் படப்புத்தகம் போடற தொழில்ல பிள்ளைங்களால ஒரு தொல்லையும் கிடையாது; பெத்தவங்க, படிக்க வைக்கறவங்க, அச்சடிக்கறவங்க, இவங்களாலதான் எல்லாத் தொல்லையும். குழந்தைகளுக்குன்னு நாலு வரி எழுதி, அதைப் பெரியவங்க முன்னால நீட்டிட்டு நின்ன அனுபவம் உங்கள்ல யாருக்காவது இருந்தா, என் வயித்தெரிச்சல் புரியும்.

என் பேயோட பேரு உஷ்ஷு. பரண் மேல, பழைய சூட்கேஸுக்கும் பொங்கப் பானைக்கும் நடுவுல குடியிருக்கற குட்டிப் பேய். அது எதையாவது உருட்டறப்பல்லாம் வீட்ல இருக்கறவங்க "உஷ்"னு அதட்டுவாங்க, அதுவே பேரா நிலைச்சுடுச்சு. கூச்ச சுபாவம். முறுக்கு திங்கும். அடிக்காது, கடிக்காது. கதை எழுதறது, படம் வரையறது, விக்கறது எல்லாம் நான் ஒருத்திதான். உஷ்ஷு பரணை விட்டு இறங்கி கிரிவலம் போற மாதிரி ரெண்டாவது புத்தகமும் வரைஞ்சு வெச்சிருக்கேன். முதல் புத்தகம் வித்தாதான் அது வெளிய வரும். வித்துச்சா? அந்தக் கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

நெத்தியில பட்டை

தேரடி வீதிப் பக்கம் முனுசாமின்னு ஒருத்தர் அச்சாபீஸ் வெச்சிருக்காரு. நல்ல மனுஷன்தான். மாதிரிப் பிரதி எடுத்து வெச்சிருக்கேன், வந்து பாருங்கன்னு கூப்பிட்டாரு. போய்ப் பார்த்தா, பக்கத்துக்குப் பக்கம் என் உஷ்ஷு நெத்தியில பட்டையா விபூதி! வெள்ளைப் பேய் மேல வெள்ளை விபூதி தெரியாதில்ல, அதனால ஓரமா கறுப்புக் கோடு வேற. நடுவுல குங்குமம். அட கடவுளே, நான் ராப்பகலா உக்காந்து வரைஞ்ச படம்ங்க அது!

"விபூதியைக் கண்டாலே பேய் ஓடணும். இது பூசிக்கிட்டு உக்காந்திருக்கு! யாரைக் கேட்டுப் பண்ணீங்க?"னு கத்திட்டேன். மனுஷன் கொஞ்சம்கூட அசரலை. கம்ப்யூட்டர்ல உக்காந்திருந்த பொண்ணுகிட்ட எல்லாத்தையும் அழிக்கச் சொல்லிட்டு, என்னைப் பார்த்து வருத்தமா சொன்னாரு: "பேயா இருந்தாலும் நம்ம ஊருப் பேய்தானே மேடம், நெத்தி வெறுமையா இருக்கலாமா?"

டீ குடிச்ச பூச்சாண்டி

ஞாயித்துக்கிழமையில செங்கம் ரோட்ல, ஆசிரமம் பக்கத்துல ஒரு காபிக் கடை வாசல்ல மேஜை போட்டு விப்பேன். ஒரு ஞாயிறு, ஒரு அம்மா பக்கத்து பெஞ்சுல உக்காந்து பாப்பாவுக்கு இட்லி ஊட்டிட்டு இருந்தாங்க. பாப்பா வாயைத் திறக்கலை. எதிர்ல ஒரு சாமியார், பாவம், அவர் பாட்டுக்கு டீயை ஆத்திக் குடிச்சிட்டு இருந்தாரு. அந்தம்மா அவரைக் கை காட்டி, "அதோ பூச்சாண்டி! சாப்பிடலைன்னா உன்னைப் பையில போட்டுக்கிட்டுப் போயிடுவாரு, கண்ணைப் புடுங்கிடுவாரு"ங்கறாங்க. குழந்தை வெலவெலத்துப் போய், அழுதுகிட்டே இட்லியை முழுங்குச்சு. சாமியார் மிச்ச டீயை வெச்சுட்டு எழுந்தே போயிட்டாரு.

கண்ணைத் தொடச்சுக்கிட்டு பாப்பா நேரா என் மேஜைக்கு வந்து உஷ்ஷுவைத் தொட்டு சிரிச்சுது. அந்தம்மா ஓடி வந்து புத்தகத்தைப் புரட்டினாங்க. முகம் மாறிடுச்சு. குழந்தை கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே எனக்குப் புத்தி சொன்னாங்க பாருங்க: "பேய் புக்கெல்லாம் விக்கறீங்களே, குழந்தைங்க பயந்துடாதா? கொஞ்சமாவது யோசிக்க வேணாமா?"

என்ன யூஸ்?

இன்னொரு ஞாயிறு, சென்னையிலேர்ந்து வந்த ஒரு அப்பா. "இதுல மாரல் என்னங்க?"ன்னாரு. கூச்சப்படற பேய்க்கு ஒரு சிநேகம் கிடைக்குது, அவ்ளோதான்னேன். "அப்ப படிக்கறதுல என்ன யூஸ்?"ன்னாரு. அவரு பையன் அதுக்குள்ள மேஜைக்கடியில குந்திக்கிட்டு, முழுப் புத்தகத்தையும் பார்த்து முடிச்சுட்டு, முதல் பக்கத்துக்கே திரும்பி வந்து கெக்கெக்கேன்னு சிரிச்சிட்டு இருந்தான். எனக்கு அப்படியே மனசு குளுந்துடுச்சு. அப்பா குனிஞ்சு பார்த்தாரு. "டேய், சும்மா சிரிக்கறதுக்கா புக்கு? எழுந்திரு, போலாம்."

வாசல்ல தொங்கினது

வேங்கிக்கால் பக்கம் புதுசா ஒரு நர்சரி ஸ்கூல். அங்க எல்லா வகுப்புக்கும் புத்தகம் எடுத்துக்கறோம்னு தகவல் வந்தது. இது கிடைச்சா ரெண்டாவது உஷ்ஷு பிழைச்சுதுன்னு குதிச்சுக்கிட்டுப் போனேன். கரஸ்பாண்டென்ட் மரியாதையாதான் பேசினாரு. படம் பிரமாதமாம். பேய்ங்கற வார்த்தை மட்டும் வேணாமாம். அது இருக்கற இடத்துலெல்லாம் "முயல்"னு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்துடணுமாம். ஸ்டிக்கர்! ஒட்டறதுக்கு முன்னால, சரியா வருதான்னு பார்க்க, யூகேஜியில ஒரு தடவை முயல்னு படிச்சுக் காட்டணுமாம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. அவர் நாற்காலிக்குப் பின்னால ஜன்னல் வழியா வாசல் தெரியுது. அங்க என்ன தொங்குதுன்னு நினைக்கறீங்க? திருஷ்டி பூதம். முழி பிதுங்கி, கோரைப்பல்லு வெளிய நீட்டி, நாக்கு மார்பு வரைக்கும் தொங்க. தினமும் அத்தனை பிஞ்சுகளும் அதுக்குக் கீழதான் உள்ள வருதுங்க. "அதைப் பார்த்துப் பயப்படாத பிள்ளைங்களா சார் என் உஷ்ஷுவைப் பார்த்துப் பயப்படும்?"னு கேட்டேன். அவரு திரும்பிக்கூடப் பார்க்கலை. "அது பில்டிங்குக்கு மாட்டினதும்மா. குழந்தைங்களுக்கு மாட்டலையே."

முயலுக்குக் கால் எங்க?

ரெண்டாவது புத்தகத்தை நினைச்சுப் பல்லைக் கடிச்சிக்கிட்டு யூகேஜிக்குப் போனேன். தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இந்த மனுஷன் பிடிச்ச முயலுக்கு ஒரு காலும் கிடையாது. "பரண் மேல ஒரு குட்டி முயல் இருந்துச்சாம்"னு ஆரம்பிச்சேன். சொல்றப்பவே என் நாக்கு கூசிச்சு. படத்தைத் திருப்பிக் காட்டினேன். உடனே ஒரு பையன், "காது எங்க மிஸ்?"ன்னான். இன்னொருத்தன், "காலே இல்ல!"ன்னான். "கால் இல்லைன்னா பேய்!"னு வகுப்பே கத்துச்சு. பயந்து ஒண்ணும் கத்தலை, சந்தோஷத்துல கத்துதுங்க. கரஸ்பாண்டென்ட் வெளிய வராந்தாவுலதான் நடந்துட்டு இருந்தாரு. பொய் சொல்லிப் பிள்ளைங்ககிட்ட மாட்டிக்கிட்டது அவமானமா இருந்துச்சு.

முன் வரிசையில ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பொண்ணு எழுந்து வந்தா. கதவுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு, என் காதுல கையைக் குவிச்சு ரகசியமா சொன்னா: "நீங்க பேய்னே படிங்க மிஸ். நாங்க சார்கிட்ட சொல்ல மாட்டோம், அவரு பயந்துடுவாரு."

நான் பேய்னே படிச்சேன், அது வராந்தா வரைக்கும் கேட்டு ஸ்கூல் ஆர்டர் போச்சு, ஆனா அந்தப் பிள்ளைங்க வீட்ல பண்ணின ரகளை தாங்காம அப்பா அம்மாங்க என் மேஜையைத் தேடி வந்து வாங்கினதுல ரெண்டாவது உஷ்ஷு இப்ப அச்சுல இருக்கு, பெரியவங்க பயந்தா கண்ணை மூடிக்கறதுக்குன்னு அதுல ஒரு வெறும் பக்கமும் விடச் சொல்லியிருக்கேன்.