கம்பளி நூலும் வலது கையும்

மே மாதம் சங்கரன்கோவிலில் மடியில் கம்பளி நூலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைப் பைத்தியக்காரன் என்றுதான் சொல்வார்கள். என்னையும் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. வெயில் அடித்த அடிக்கு எனக்கே அப்படித்தான் தோன்றியது.

நான் மினி பஸ் டிரைவர். மேலநீலிதநல்லூர் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகிற வண்டி. பங்குனியில் வழியில் டயர் பஞ்சராகி, மாற்றும்போது ஜாக்கி சரிந்து என் வலது மணிக்கட்டு உடைந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கட்டைப் பிரித்தபோது விரல்கள் மடங்கவில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் குச்சி மாதிரி நின்றன.

எங்கள் வண்டியில் கியர் இடது கைப் பக்கம். கியர் மாற்றும்போதெல்லாம் ஸ்டியரிங் வலது கையை மட்டும் நம்பியிருக்கிறது. அந்தக் கை மூடாவிட்டால் நான் டிரைவர் இல்லை. முதலாளி ஆடித்தபசு வரைக்கும் என் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். திருவிழாக் கூட்டத்துக்குப் பழகிய கை வேண்டும் அவருக்கு. அதற்குள் என் விரல்கள் மடங்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். சும்மா உட்கார்ந்து ஒரு பந்தை அமுக்குவதைப் போல அவமானமான வேலை கிடையாது. தூக்கி எறிந்துவிட்டேன். குன்னூரில் நர்ஸாக இருக்கும் என் அக்காவுக்கு இது தெரிந்ததும் ஒரு பார்சல் அனுப்பினாள். இரண்டு ஊசி, ஐந்து கம்பளி நூல்கண்டு. அவளுடைய ஆஸ்பத்திரியில் பிறக்கிற குழந்தைகளுக்குக் குல்லா பின்னிக் கொடுக்க வேண்டுமாம். விரலும் மடங்குமாம், புண்ணியமும் உண்டாம்.

வீடியோ காலில் சொல்லிக் கொடுத்தாள்.

"ஏலே, இறுக்கிப் பிடிக்காத. நூலு தானா ஓடும்."

"ஓடல."

"மொதக் கண்ணியவே கழுத்த நெரிச்சு வச்சிருக்க. பொறவு எப்படி ஓடும்?"

முதலில் இந்த ஊர் ஃபேன்சி ஸ்டோர் நூலில்தான் பழகிப் பார்த்தேன். அது பிளாஸ்டிக். ஊசியில் கிரீச் என்று உரசும், தையல் போட்ட தழும்பில் பட்டால் எரியும். அக்கா அனுப்பியது சுத்தக் கம்பளி. அதை நல்லது என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனசில்லை, ஆனாலும் நல்லதுதான். பூனைக்குட்டியின் வயிறு மாதிரி இருந்தது. இழுத்தால் கொஞ்சம் விட்டுக் கொடுக்கும், விட்டால் திரும்பிவிடும். விறைத்த விரலால் கன்னாபின்னா என்று இழுத்தும் அது அறுந்து போகவில்லை. என் கண்ணிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தபோதும் பார்க்க அவ்வளவு அசிங்கமாக இல்லை. தப்பாகிவிட்டால் மொத்தத்தையும் பிரித்துச் சுற்றி மறுபடி பின்னலாம். அதே குல்லாவை எத்தனை தடவை பிரித்தேன் என்று எனக்கே தெரியாது.

கெட்டதும் சொல்ல வேண்டும். வேர்த்த கையில் அது ஒட்டிக்கொள்ளும். ஃபேனைப் போட்டால் பஞ்சு பஞ்சாகப் பறந்து மூக்கில் ஏறும், நிறுத்தினால் வேர்க்கும். ஈரமானால் ஆட்டுக் கொட்டில் வாசம். மென்மையான நூல் என்பதால் ஊசி முனை நடுவில் குத்தி நூலை இரண்டாகப் பிளந்துவிடும். பிளந்ததைக் கவனிக்காமல் நாலு வரிசை போய்விட்டால் பிடித்தது சனி.

வெளியே போக முடியவில்லை. போனால் டீக்கடையில் தொடங்கி ஒவ்வொருவனும் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறான். அதனால் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். எங்கள் தெரு முனையில்தான் என் வண்டி திரும்பும். எனக்குப் பதிலாகப் போட்ட புதுப் பையன் இரண்டாவது கியரில் திரும்ப வேண்டிய இடத்தில் மூன்றாவதில் திரும்புவான். இஞ்சின் முக்குவது உள்ளே வரைக்கும் கேட்கும். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். எழுந்து போய்த் திட்டவும் முடியாது. ஊசியைத்தான் குத்த வேண்டும்.

எங்கள் வண்டிக் கண்டக்டர் ஒரு நாள் வந்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்ன வே இது, டிக்கெட்டுக்குப் பதிலா ஸ்வெட்டரா குடுக்கப் போறீரு?"

"உம்ம வாய்க்கு ஒண்ணு பின்னுதேன், இரும்."

ஒரு வழியாக முதல் குல்லா முடிந்தது. அழகாக இல்லை. ஆனால் குல்லா. அதைப் பின்னும்போது மோதிர விரல் பாதி மடங்கியிருந்தது. சுண்டு விரலும் லேசாக அசைந்தது. கை உடைந்த பிறகு அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மறுநாள் தூங்கி எழுந்து பார்த்தால் கொடியில் ஒரு மஞ்சள் கட்டி தொங்கியது. அம்மா அதை வெந்நீரில் மஞ்சள் போட்டு ஊற வைத்து, சோப்புப் போட்டு, கல்லில் கசக்கித் துவைத்திருந்தாள். குல்லா பாதியாகச் சுருங்கித் தோல் மாதிரி தடித்துவிட்டது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"பச்சப்புள்ளைக்குப் போறதுல்லா. புதுத்துணிய வெந்நில அலசாமப் போடப்படாது."

"இது துணி இல்லம்மா."

"துணி இல்லாமப் பொறவு என்னது, தோசையா?"

அவள் சொன்னது தப்பில்லை. எங்கள் வீட்டில் பிறந்த எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான் செய்தார்கள். பருத்தித் துணி எவ்வளவு கொதித்தாலும் தாங்கும். கம்பளி தாங்காது. அது யாருக்குத் தெரியும் இந்த ஊரில்? சாயங்காலம் வந்த கண்டக்டர் அதை விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு, "புளியங்குடி எலுமிச்சம்பழத்துக்கு வேணா போடலாம்" என்றான். நான் சிரிக்கவில்லை.

அவன் போனதும் அதைப் பிரித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு கண்ணிகூடக் கழலவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தது. சரி, இழுத்துப் பெரிதாக்கலாம் என்று இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். இடது கை பிடித்திருந்தது. வலது கை வழுக்கியது. மறுபடி பிடித்தேன், மறுபடி வழுக்கியது. வலி இல்லை. விரல்கள் மடங்கின மாதிரி தெரிந்தன, ஆனால் பிடிக்கவில்லை. பின்னும்போது நூல் எனக்கு விட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதை நான் கை சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கிறேன். ஸ்டியரிங் விட்டுக் கொடுக்காது.

தபசுக் கொடியேற்றத்துக்கு முன்னால் முதலாளி வந்தார். காபி குடித்துவிட்டு என் கையைப் பார்க்காமல் கேட்டார்.

"என்ன மக்கா, தபசுக்கு வந்துருவேல்லா?"

அடுப்படியிலிருந்து அம்மா முந்திக்கொண்டாள். "வந்துருவான் அண்ணாச்சி. இப்ப நல்லாப் புடிக்கான். நெதம் பின்னுதான்லா."

நான் கையை நீட்டி மூடிக் காட்டினேன். பின்னிப் பின்னி அதற்குள் இரண்டு விரலும் முழுக்க மடங்கியிருந்தன. பார்ப்பதற்கு நல்ல முஷ்டிதான். அவர் முகம் தெளிந்தது.

"என் விரலுக்குள்ள உங்க விரல விட்டு இழுங்க அண்ணாச்சி," என்றேன்.

தயங்கினார். பிறகு இரண்டு விரலை விட்டு இழுத்தார். சுலபமாக வெளியே வந்துவிட்டன. அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் எடத்துக்கு வேற ஆளப் போட்டுருங்க," என்றேன்.

"இன்னும் கொஞ்ச நாள் பாப்பமே."

"வண்டி நெறைய ஆளு ஏறுது அண்ணாச்சி. அந்தப் பயகிட்ட முக்குல ரெண்டாவது கியர்ல திருப்பச் சொல்லுங்க."

அவர் போனதும் அம்மா காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். நான் ஊசியை எடுத்து அடுத்த குல்லாவுக்கு முதல் கண்ணியைப் போட்டேன்.