தனி ஆள் வரிசையில் ஒரு குடும்பம்

விடிவதற்கு முன்பே சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டோம். என் கணவர் சார்லஸ் தினமும் நிற்கும் அதே இடத்தில்தான் அன்றும் நின்றார். ஆனால் தோளில் சாப்பாட்டுப் பை இல்லை. அதைப் பார்த்து அவரோடு தினமும் பெங்களூர் போகிறவர் ஒருவர் கிட்டே வந்தார்.

"இன்னா சார்லஸ், பை இல்லாம வந்துகீற? வேலையை வுட்டுட்டியா?"

"வேலையும் வுடல, ஒண்ணும் வுடல. இன்னிக்கு பேமிலி டூருப்பா" என்று எங்கள் பக்கம் கையைக் காட்டினார். அவர் அவ்வளவு பெருமையாகப் பேசி நான் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

சார்லஸ் வொயிட்ஃபீல்டுக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசர். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து மதியம் சாப்பிடும்போதுதான் நாங்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் தட்டைப் பார்ப்போம். சாப்பிட்டதும் அவர் படுத்துவிடுவார். அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இந்தப் பயணம் எங்கள் மூத்த மகள் ஷைனிக்காக. நர்சிங் முடித்தவள். மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை விமானம், இரண்டு வருட ஒப்பந்தம். போவதற்கு முன்னால் என்ன வேண்டும் என்று அவளுடைய அப்பா கேட்டபோது, "ஒரு நாள் முழுக்க நாலு பேரும் ஒண்ணா எங்கயாவது போலாம் டாடி" என்று மட்டும் சொன்னாள். பூங்காவுக்குப் போகலாம் என்று முடிவு செய்தவர் சார்லஸ். ஒன்பதாவது படிக்கும் இளையவள் மெல்பா அன்றிலிருந்து தூங்கவே இல்லை.

மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயிலுக்கு அடுத்த ஸ்டேஷன் எங்களுடையது. அதனால் எதிரெதிராக உட்கார இடம் கிடைத்தது. பங்காருப்பேட்டையில் கூட்டம் ஏறி எங்கள் முழங்கால்களுக்கு நடுவில்கூட ஆட்கள் நின்றார்கள். ஷைனி என் தோளில் சாய்ந்துகொண்டு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். நூறு கிலோமீட்டர் தூரம் போனதே தெரியவில்லை. அந்த நாளில் நன்றாக இருந்தது இந்த ரயில் பயணம்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பெங்களூரில் இறங்கி, பஸ் பிடித்து, நகரத்தைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் அந்தப் பூங்கா. பெயர் வேண்டாம். சனிக்கிழமை என்பதால் வாசலிலேயே திருவிழாக் கூட்டம். உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது பெரிய ராட்டினம். மெதுவாகச் சுற்றும் சக்கரம். ஒவ்வொரு கூண்டிலும் வட்டமாக ஆறு பேர் உட்காரலாம்.

"மம்மி, மொதல்ல அதுல ஏறலாம். எல்லாரும் ஒரே கூண்டுல உக்காரலாம்" என்றாள் ஷைனி.

வரிசை கம்பிகளுக்குள் வளைந்து வளைந்து போய், கேன்டீன் வரை வந்திருந்தது. இங்கிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று ஒரு பலகை வைத்திருந்தார்கள். சார்லஸ் பலகையையும் பார்த்தார், வரிசையையும் பார்த்தார்.

"தினம் ரயிலுக்கு நிக்கிறேன், பஸ்ஸுக்கு நிக்கிறேன், கம்பெனி கேட்ல நிக்கிறேன். இங்கயும் வந்து நிக்கிறதுக்கா லீவு போட்டேன்? சாயங்காலம் கூட்டம் கொறைஞ்சிடும், அப்ப ஏறிக்கலாம்."

பக்கத்தில் இருந்த கப்பல் ஊஞ்சலிலும் அதே நீள வரிசை. ஆனால் அதன் ஓரத்தில் இன்னொரு சின்ன வழி ஏறக்குறைய காலியாக இருந்தது. 'சிங்கிள் ரைடர்' என்று எழுதியிருந்தது. சார்லஸ் போய் விசாரித்துவிட்டு வேகமாக வந்தார். ஒரு வரிசையில் நான்கு இருக்கை இருக்கும். மூன்று பேர் கொண்ட குடும்பம் ஏறினால் ஓர் இடம் வீணாகும். அந்த இடத்தை நிரப்ப, தனியாக வருகிறவர்களுக்கு என்று வைத்த வழியாம் அது.

"நாம தனியா வரலையே" என்றேன்.

"உள்ள போகும்போது தனித்தனியா போவோம். வெளிய வந்து சேந்துக்குவோம். எவன் கேக்கப்போறான்? எல்லா குடும்பமும் அப்டித்தான் போகுது பாரு."

உண்மைதான். எங்களுக்கு முன்னால் ஓர் அப்பா தன் மகனுக்கு, "உள்ள என்னைப் பாத்து சிரிக்காத" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்தே நிமிடத்தில் ஏறிவிட்டோம். என்னை ஒரு புதுமணத் தம்பதிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கப்பல் மேலே போனபோது அந்தப் பெண் தன் கணவனைக் கட்டிக்கொண்டாள். எனக்குப் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி இருந்தது. சார்லஸ் எங்கோ முன்னால், ஷைனி எங்கோ பின்னால். மெல்பாவுக்கு அடுத்த தடவைதான் இடம் கிடைத்தது. இறங்கி வாசலில் அவளுக்காகக் காத்திருந்தபோது, "பாத்தியா? அவங்க எல்லாம் இன்னும் நின்னுட்டே கீறாங்க" என்று சார்லஸ் நீண்ட வரிசையைக் காட்டிச் சிரித்தார். முதல் தடவை எங்களுக்கும் சிரிப்பு வந்தது.

மதியம் வரை இப்படியே போயிற்று. ஏறும்போது நான்கு பேரும் நான்கு இடத்தில். இறங்கியதும் வாசலில் நின்று ஒருவரையொருவர் தேடுவோம். ஒருத்தி வந்தால் இன்னொருத்தி வந்திருக்க மாட்டாள். எல்லோரும் சேர்ந்ததும் சார்லஸ் அடுத்ததற்கு நடக்கத் தொடங்கிவிடுவார். எது பயமாக இருந்தது, எது நன்றாக இருந்தது என்று பேசிக்கொள்ளக்கூட நேரம் இல்லை. மிச்சம் பிடித்த நேரமெல்லாம் எங்கே போயிற்று என்று எனக்கு விளங்கவில்லை.

சாப்பாட்டுக்கு முன் தண்ணீர்ப் படகில் அந்தத் தகராறு நடந்தது. இரண்டு பேர் உட்காரும் படகு அது. சார்லஸும் ஷைனியும் ஒரே நேரத்தில் வரிசையின் முனைக்கு வந்துவிட்டார்கள். நானும் மெல்பாவும் பின்னால். ஒரு காலிப் படகு வந்து நின்றதும் சார்லஸுக்கு ஆசை வந்துவிட்டது. படகு ஏற்றிவிடும் பையனிடம் கன்னடத்தில் கெஞ்சினார். இது என் மகள், அடுத்த வாரம் வெளிநாடு போகிறாள், இந்த ஒரு தடவை எங்களைச் சேர்த்து உட்கார வை என்றார்.

அவர் பேச்சிலிருந்த தமிழைக் கண்டுகொண்டு அந்தப் பையன் தமிழிலேயே பதில் சொன்னான். "சேந்து உக்காரணும்னா அந்த லைன்ல வாங்க சார். இது தனியா வந்தவங்களுக்கு."

வெயிலில் நின்றிருந்த பெரிய வரிசையிலிருந்து ஒருவர், "குறுக்கால வந்துட்டு சலுகை வேற கேக்கறாங்க பாருங்க" என்று சத்தமாகச் சொன்னார். பத்து இருபது பேர் சிரித்தார்கள். சார்லஸ் திரும்பி அவரோடு சண்டைக்குப் போனார். தான் வருடக்கணக்கில் வரிசையில் நிற்கிறவன், தனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்றெல்லாம் கத்தினார். ஷைனி அப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு அடுத்த படகில் காலியாக இருந்த இடத்தில் யாரோ ஒரு பெரியவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டாள். படகு நகர்ந்துவிட்டது.

சாப்பாட்டு மேஜையில்தான் பூங்காவுக்குள் நாங்கள் முதல்முறையாகச் சேர்ந்து உட்கார்ந்தோம். ஒரு தோசை இருநூறு ரூபாய். சார்லஸ் அந்த வரிசைக்காரரைத் திட்டி முடிக்கவில்லை. ஷைனி பாதித் தோசையை மெல்பாவின் தட்டில் வைத்துவிட்டு, "இப்ப ராட்டினத்துக்குப் போலாமா டாடி?" என்றாள்.

"அதுக்கு ஷார்ட் லைன் கெடையாதும்மா. இன்னும் மூணு முக்கியமானது பாக்கி கீது. முடிச்சிட்டுப் போலாம்."

அதில் ஒன்று சுரங்க ரயில். சிமெண்டில் பாறை செய்து, மஞ்சள் பெயிண்ட் அடித்த கட்டிகளைத் தங்கம் என்று அங்கங்கே பதித்திருந்தார்கள். நிஜத் தங்கச் சுரங்கத்தால் உண்டான எங்கள் ஊரில் பிறந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். அன்று நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. ஷைனி எனக்கு முன்னால் உள்ளே போனாள். நடுவில் சில பேர் நுழைந்ததால் நான் பின்தங்கி, தனியாக வந்த ஒரு காலேஜ் பையனுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டேன். பாதுகாப்புக் கம்பி மடியில் இறங்கிய பிறகுதான் கவனித்தேன். எனக்கு நேர் முன்னால் இருந்தது ஷைனியின் பின்னல். காலையில் ரயில் கிளம்புமுன் நான் போட்டுவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை.

ரயில் குகைக்குள் நுழைந்து, மேலே ஏறுமுன் சற்று நேரம் இருட்டில் நின்றது. முன்னால் போன ரயில் கீழே இறங்கி முடிக்க வேண்டுமாம். ஷைனிக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள், குரலைக் கேட்டால் கோயம்புத்தூர்ப் பக்கம், பேச்சுக் கொடுத்தார்.

"தனியாவா கண்ணு வந்த?"

"ஆமா ஆன்ட்டி."

"ஏன், வீட்டுல யாரும் கூட வரலியா?"

"இல்ல ஆன்ட்டி. தனியாத்தான் வந்தேன்."

"எந்த ஊரு?"

"பெங்களூர்."

"தைரியமான புள்ளதான். எனக்குப் பயமா இருக்குது. உன்ர கையப் புடிச்சுக்கறேன்."

ரயில் ஏறத் தொடங்கியது. சரிவில் விழும்போது எல்லோரும் கத்தினார்கள். என் மகளும் கத்தினாள், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு. பின்னலைத் தொடலாம் என்று கை நீட்டியிருந்தால் எட்டும் தூரம்தான். நான் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். ரயில் நின்றதும், செருப்பைத் தேடுவதுபோல் குனிந்து அவள் போகும்வரை அப்படியே இருந்தேன்.

ராட்டினத்துக்கு நாங்கள் வந்தபோது மணி ஐந்து. வானம் மூட்டம் போட்டிருந்தது. காற்று எழும்பிவிட்டதால் ராட்டினத்தை நிறுத்தி, நுழைவில் கயிறு கட்டியிருந்தார்கள். ஷைனி, "சரி, போலாம்" என்றாள். அழவில்லை. மெல்பாதான் அழுதாள்.

"எங்கயும் போக வேணாம். காத்து நிக்கட்டும். நான் நிக்கிறேன்" என்றார் சார்லஸ். காலையிலிருந்து எங்கும் நிற்காத மனிதர் அந்தக் கயிற்றுக்கு முன்னால் போய் நின்றார். ஷைனியின் முகத்தைப் பார்க்காமல் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் போய் அவருக்குப் பின்னால் நின்றோம். அன்று நான்கு பேரும் சேர்ந்து நின்ற ஒரே வரிசை அது. தூறல் மழையானது. ஆறு மணிக்கு ஒரு பெண் ஊழியர் வந்து, இனி இன்று ஓடாது, நனையாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகும் சார்லஸ் கொஞ்ச நேரம் நின்றார். மெல்பா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

திரும்பும் ரயிலில் சேர்ந்து உட்கார இடம் கிடைக்கவில்லை. சார்லஸும் மெல்பாவும் உள்ளே எங்கோ நெருங்கி உட்கார்ந்து தூங்கிவிட்டார்கள். நானும் ஷைனியும் கதவுக்குப் பக்கத்தில் நின்றோம். மாலூர் தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை.

"ஏம்மா அந்த அம்மாகிட்ட தனியா வந்தேன்னு சொன்ன?"

அவள் சட்டென்று திரும்பினாள். "எந்த அம்மா?"

"சுரங்க ரயில்ல. நான் உனக்குப் பின்னாடி சீட்லதான் இருந்தேன்."

மறுப்பாள், இல்லையென்றால் சாரி மம்மி என்பாள் என்று நினைத்தேன். அப்பா மானத்தை வாங்கிவிட்டார் என்று சொல்லியிருந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

"பின்னாலதான் இருந்தியா?" என்றாள். "அப்பவே என்னைக் கூப்பிட்டு இருக்கலாம்ல மம்மி?"

பங்காருப்பேட்டையில் கூட்டம் இறங்கி இடம் காலியானது. நாங்கள் உட்காராமல் சாம்பியன் வரை நின்றுகொண்டே வந்தோம்.

சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் இரண்டு அறைதான். ஒருத்தி புரண்டு படுத்தால் இன்னொருத்திக்குத் தெரியும். எவ்வளவு நெருக்கடி என்று இத்தனை வருடம் அலுத்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு பெரிய பூங்காவில் ஒரு நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வந்து, அந்த நெருக்கடிக்குள் எங்கள் பாயை விரித்தோம்.

வெள்ளிக்கிழமை ஷைனி போய்விட்டாள். விமான நிலையத்தில் அப்பாவைக் கட்டிக்கொண்டாள், என்னையும்தான். ரயிலில் பேசியதை நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. தனியாக வந்தேன் என்று அவள் சொன்னதை சார்லஸிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் அந்த மனிதர் உடைந்துவிடுவார். சொல்லாமல் இருப்பதால் வேறு ஒன்று நடக்கிறது. அந்தப் பூங்காவுக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை அவரிடம் வந்து யோசனை கேட்கிறார்கள். அவரும் உற்சாகமாகச் சொல்கிறார்.

"பெரிய லைன்ல போய் மாட்டிக்காதீங்க. சிங்கிள் ரைடர்னு ஒண்ணு கீது. குடும்பமா போனாலும் தனித்தனியா பூந்துடுங்க. ஒரே நாள்ல எல்லாத்தையும் முடிச்சிடலாம். நாங்க முடிச்சோம்."

அவர் இதைச் சொல்ல ஆரம்பித்ததும் நான் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.