சிவப்புப் பொட்டு வைத்த பெட்டி

துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகிறேன் என்று நான் முதலில் சொன்னபோது அம்மா நம்பவில்லை. செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம் எங்களுடையது. அரிசியில் வண்டு வந்தால்கூட முறத்தில் தட்டி வெளியே கொண்டுபோய் விடுகிற வீடு. அட்டையில் அச்சடித்த வட்டத்தைத்தான் சுடுகிறோம், அதற்கு உயிரில்லை என்று எத்தனை முறை சொல்லியும், கேட்பவர்களிடம் "ஏதோ ஸ்போர்ட்ஸாம்" என்று பட்டும்படாமலும் சொல்லி முடித்துக்கொள்வார். திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியை என்பதால் ஊரும் அதை நம்பிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து விழுப்புரம் போவேன். அங்கே எங்கள் கிளப்பில் பெண்களுக்கென்று இரண்டு பிஸ்டல்கள் இருந்தன. ஒன்று புதியது, ஒன்று பழையது. அந்தப் பிரிவில் சுடுகிறவர்களும் இரண்டே பேர், நானும் அவளும். அவள் விழுப்புரத்துக்காரி, என்னைவிட ஒன்பது வயது சின்னவள், அப்பாவின் உரக்கடையைப் பார்த்துக்கொள்கிறவள். புதியதன் பிடி அவள் சின்னக் கைக்குப் பொருந்தியது. பழையது எனக்கு வந்தது. ஆறு வருடம் அப்படியே ஓடியது. சமண வழக்கப்படி பொழுது சாய்ந்தபின் நான் சாப்பிட மாட்டேன் என்பது தெரிந்து, மாலையில் என்னைவிட அவள்தான் அடிக்கடி வானத்தைப் பார்ப்பாள். "அக்கா, மொதல்ல சாப்டுங்க, அப்புறம் சுடலாம்" என்று டிபன் டப்பாவைத் திறந்து கையில் கொடுப்பாள். கூடப் பிறந்தவள்கூட எனக்கு அப்படிச் செய்ததில்லை.

பழைய பிஸ்டலில் ஒரு கோளாறு உண்டு. உள்ளே ஸ்பிரிங் தளர்ந்துபோனதால், தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கிற ஊசியின் அடி லேசாகத்தான் விழும். வேறு ஸ்பிரிங் வரவழைக்கிறேன் என்று கிளப் செயலாளர் மாதாமாதம் சொல்லிக்கொண்டிருந்தார், அது எந்தக் கப்பலில் வந்துகொண்டிருக்கிறதோ. எனவே தோட்டாவை நான்தான் பார்த்துப் பொறுக்க வேண்டும். பெரிய தோட்டாக்களில் தீப்பற்ற வைக்கிற கேப்பு அடிப்பகுதியின் நடுவில் தனியாக இருக்கும். எங்களுடைய பாயிண்ட் டூ டூ தோட்டாவில் அந்த மருந்து விளிம்புக்குள்ளேயே அடைத்திருக்கும். தொழிற்சாலையில் ஒரே தடவையில் செய்த தோட்டாக்கள் ஒரு லாட், அதன் எண் பெட்டிமேல் இருக்கும். சில லாட்டுகளில் லேசாகத் தட்டினாலே பற்றிக்கொள்ளும். சிலவற்றுக்கு ஓங்கி அடிக்க வேண்டும். புதிய பிஸ்டல் எதைப் போட்டாலும் வெடிக்கும். பழையதற்குப் பொருத்தமில்லாத லாட்டைப் போட்டால் 'டிக்' என்று சத்தம் மட்டும் வரும்.

அதனால் புதுச் சரக்கு வந்தால் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு லாட்டிலும் பத்துப் பத்து தோட்டாவைப் பழைய பிஸ்டலில் போட்டுப் பார்ப்போம். வெடிக்காததை எடுத்து, விளிம்பில் ஊசி பதிந்த தடம் எவ்வளவு ஆழம் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். தேறிய லாட்டின் பெட்டிகள்மேல் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பது அவள் வேலை. தேறாத லாட்டின் எண்ணை நோட்டில் எழுதிவைப்பது என் வேலை.

மாநிலப் போட்டிக்கு எங்கள் பிரிவில் ஒருவரைத்தான் கிளப் அனுப்பும். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் நான்தான் போயிருந்தேன். இரண்டு முறையும் தகுதி மதிப்பெண்ணைத் தொடும் தூரத்தில் விட்டுவிட்டு வந்தேன். அதை எடுத்துவிட்டால் சொந்தப் பிஸ்டலுக்கு லைசென்ஸ் கேட்டு மனு போடலாம், அந்தத் தளர்ந்த ஸ்பிரிங்குக்குக் கும்பிடு போட்டுவிடலாம். இதற்கிடையே கண் டாக்டர், பார்வை மாறிக்கொண்டு வருகிறது, பிஸ்டலின் குறிமுனை இன்னும் ஒரு வருடத்துக்குத்தான் தெளிவாகத் தெரியும் என்று சொல்லிவிட்டார். எனக்கு அந்த ஒரு வருடம்தான் மிச்சம். அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்துத் தேர்தல் வந்தது. வழக்கம்போல கிளப் துப்பாக்கிகள் எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கப்பட்டன. திரும்பக் கைக்கு வந்தபோது, மாநிலத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் கிளப் போட்டிக்கு மூன்று நாள்தான் இருந்தது. எனக்கோ பள்ளியில் பரீட்சை டியூட்டி, நகர முடியவில்லை. அவளே போன் செய்தாள். தான் போய்ப் பழைய பிஸ்டலில் போட்டுப் பார்த்துவிட்டதாகவும், எனக்கு வேண்டிய பெட்டிகளில் பொட்டு வைத்துத் தனியாக எடுத்துவைத்துவிட்டதாகவும் சொன்னாள். "நீங்க ஜல்தி வந்து சுடுறத மட்டும் பாருங்கக்கா" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

போட்டியன்று காலை முதல் பாதியில் நிதானமாகச் சுடுகிற முப்பதும் நன்றாகவே போனது. அதில் சுட்டது முன்பே பிரித்து நான் கைவசம் வைத்திருந்த பழைய பெட்டித் தோட்டாக்கள். இரண்டாம் பாதி வேகமாகச் சுடுவது. அட்டை மூன்று விநாடி முகம் காட்டும், அதற்குள் சுட வேண்டும். அதற்கு அவள் பொட்டு வைத்த பெட்டியைப் பிரித்தேன். மூன்றாவது சுற்றில் 'டிக்'. கையைத் தூக்கினேன். நடுவர் வந்து தோட்டாவை எடுத்துப் பார்த்து, ஊசி பதிந்திருக்கிறது, கோளாறு தோட்டாவுடையது என்று அந்தச் சுற்றை மறுபடி சுட விட்டார். அந்தச் சலுகை ஒரு பாதிக்கு ஒரு தடவைதான். ஐந்தாவது சுற்றில் மறுபடியும் 'டிக்'. அதை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றுவதற்குள் இரண்டு முறை அட்டை திரும்பிவிட்டது. இரண்டு பூஜ்யம். நான்கு புள்ளியில் அவள் ஜெயித்தாள்.

அதுவரை எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கைகொடுத்தேன், கட்டிக்கொண்டேன். எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு பெட்டியை ஒழுங்காக மூடலாம் என்று திருப்பியபோது லாட் எண் கண்ணில் பட்டது. அதை நான் என் கையால் எழுதியிருக்கிறேனே என்று தோன்றியது. பையிலிருந்து நோட்டை எடுத்தேன். தேறாதவை பக்கத்தில் கடைசி வரியில் இருந்தது. இரண்டு மாதம் முன்பு பத்தில் நான்கு வெடிக்காத லாட். அன்று தடங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது நமக்கு வேணாங்க்கா" என்று ஒதுக்கியவளே அவள்தான்.

 

அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பெட்டியையும் நோட்டையும் நீட்டினேன். கைதவறிவிட்டது என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நம்பியும் இருப்பேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவள் பெட்டியைப் பார்க்கவே இல்லை.

"ஒரு தடவையாவது நான் போவணும்னு நெனச்சேங்க்கா. வருசா வருசம் ஒங்களுக்குப் பொட்டு வெச்சிக்கினே இருந்தா எப்படி?" என்றாள். கூடவே, "நீங்க வந்தவொடனே அஞ்சு போட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே" என்றாள்.

தப்பு என் பேரில் வந்து விழுந்துவிட்டது. நான் சோதித்துப் பார்க்காததுதான் குற்றமாம். பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். திண்டிவனம் வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து அழுதேன். போட்டி போனதற்கு அழுததைவிட, போனில் அவள் பேசியதைக் கேட்டு மகிழ்ந்துபோன என் மடத்தனத்தை நினைத்து அழுததே அதிகம்.

செயலாளரிடம் நான் புகார் சொல்லவில்லை. பெருந்தன்மை ஒன்றுமில்லை. ஒரு நெயில் பாலிஷ் பொட்டை நம்பினேன் என்று எழுதிக்கொடுக்க மானம் இடம் தரவில்லை. அவளோடு பேச்சை நிறுத்தினேன். அடுத்த சரக்கு வந்தபோது தனியாகப் போய் எல்லா லாட்டையும் பழைய பிஸ்டலில் போட்டுப் பார்த்து, எண்களை நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டேன்.

மாநிலப் போட்டிக்கு முந்தைய நாள் மத்தியானம் போன் வந்தது. அவள். புதிய பிஸ்டலில் ஊசி முறிந்துவிட்டதாம். பழையதை எடுத்துக்கொண்டு செயலாளரின் காரில் கிளம்பி, விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றுகொண்டிருக்கிறாள். அந்தப் புதுச் சரக்கின் இரண்டு லாட்டிலும் பெட்டிகள் கையில் இருக்கின்றன. போட்டுப் பார்க்க நேரமில்லை.

"எது வெடிக்கும்க்கா?"

நோட்டு மேசைமேல்தான் இருந்தது. தவறான எண்ணைச் சொல்ல எனக்கு வாய் வராமல் இல்லை. சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் ஆசையாகவே இருந்தது. ஆனால் அந்த நோட்டில் இதுவரை நான் ஒரு பொய்யும் எழுதியதில்லை, அதிலிருந்து ஒரு பொய்யை வாசிக்கவும் முடியவில்லை. வெடிக்கிற லாட்டின் எண்ணை, இலக்கம் இலக்கமாக, இரண்டு தடவை சொன்னேன்.

 லாரி ஹாரன்களுக்கு நடுவே அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நெஜந்தானேக்கா?"

ஆறு வருடத்தில் அவள் என்னை அப்படிக் கேட்டதே இல்லை.  போனை வைத்துவிட்டேன்.